டெல்லி சுல்தான்களின் வெள்ளி: மூன்று நாணயத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

பழங்கால நாணயங்களை அஞ்சல் வழியே விற்கும் வட இந்தியக் கடை ஒன்றிலிருந்து, டெல்லி சுல்தான்களின் வெள்ளி என்ற தலைப்பில் விற்கப்படும் மூன்று நாணயத் தொகுப்பை வாங்கி ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகின்றன. பால்பனின் வெள்ளி டங்கா ஒன்று, அலாவுதீன் கில்ஜியின் வெள்ளி டங்கா ஒன்று, முகமது பின் துக்ளக்கின் அடையாள நாணயம் (உலோகத்தின் மதிப்பைவிட அதிக மதிப்பு அரசாணையால் ஏற்றப்பட்ட காசு) ஒன்று ஆகியவை, மரப்பெட்டி, பதினாறு பக்கக் கையேடு, ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு சான்று அட்டை ஆகியவற்றோடு, கூரியர் செலவு உள்பட 11,500 ரூபாய்க்கு வந்தன. மூன்றாவது நாணயம் பித்தளையால் ஆனது. வெள்ளித் தொகுப்பு என்ற பெயரில் பித்தளையைச் சேர்த்து விற்பது ஏமாற்று வேலை என்று முதலில் எனக்குத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நாணயங்கள் அசல்தானா என்பதே வாங்குபவரின் முதல் கேள்வி என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். அலாவுதீனின் டங்கா இந்தியச் சந்தையில் எளிதில் கிடைக்கக் கூடியது; ஆயினும் அதன் வார்ப்புப் போலிகளும் ஏராளமாக உலவுகின்றன. வார்ப்புப் போலியின் ஓரத்தில் இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தின் கோடு தெரியும். பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் இருக்கும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். எனக்கு வந்த இரண்டு வெள்ளி நாணயங்களிலும் இவை எதுவும் இல்லை. சூடாக்கிய வில்லையை இரண்டு முத்திரைகளுக்கு இடையே வைத்துச் சம்மட்டியால் அடிக்கும்போது விளிம்பில் உண்டாகும் சிறு வெடிப்புகள் இரண்டிலும் தெளிவாகத் தெரிந்தன. நண்பர் ஒருவரின் நகைப் பட்டறைத் தராசில் நிறுத்தபோது பால்பனின் நாணயம் 10.82 கிராமும் அலாவுதீனின் நாணயம் 10.91 கிராமும் இருந்தன. அதே தராசில் நீர் நிரம்பிய குவளையை வைத்து, நாணயத்தை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு, ஒவ்வொன்றும் விலக்கும் நீரின் எடையையும் பார்த்தோம். அடர்த்தி இரண்டுக்கும் ஏறக்குறைய 10.4 என்று வந்தது. தூய வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பினுடையது 8.96 என்பதால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு அருகில் வெள்ளி இருப்பதாகக் கொள்ளலாம். பட்டறைச் சோதனைக்கு இதைவிடத் துல்லியம் எதிர்பார்க்க முடியாது. எனினும் எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அக்கசாலை (நாணயம் அடிக்கும் கூடம்) இந்த மாற்றை (வெள்ளியின் தூய்மையை) விடாமல் காத்துவந்திருக்கிறது என்பதைக் கையில் வைத்து உணர இது போதுமானது.

குறை ஒன்றையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். பால்பனின் நாணயத்தை யாரோ அமிலக் கரைசலில் முக்கிப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். பழைய வெள்ளியின் மேல் காலம் படியவைத்த சாம்பல் நிறம் முழுவதும் போய், பரிசுக் கடையில் வாங்கிய புதுக் குத்துவிளக்கைப் போல அது மின்னுகிறது. சேகரிப்பாளர்கள் இதை விரும்புவதில்லை, விலையும் குறையும். விளம்பரப் படத்தில் ஒளியைக் கூட்டி எடுத்திருந்ததால் இது முன்கூட்டியே தெரியவில்லை. கடைக்காரர் இதை விளம்பரத்தில் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

இனி நாணயங்களுக்கு வருவோம். தொகுப்பின் தேர்வு மிக நன்றாக இருக்கிறது என்பது என் முடிவு. தேர்ந்தெடுத்தவருக்கு அது தெரியுமா என்பதுதான் ஐயம். ஒரு சுல்தான் ஆட்சிக்கு வந்துவிட்டார் என்பதற்கு அக்காலத்தில் இரண்டே பொது அடையாளங்கள் இருந்தன: வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் அவர் பெயர் வாசிக்கப்படுவது ஒன்று, அக்கசாலையில் அவர் பெயர் அடிக்கப்படுவது மற்றொன்று. குத்பா பள்ளிவாசலின் சுவர்களுக்குள் முடிந்துவிடும். நாணயமோ சந்தை, சுங்கச் சாவடி, படை முகாம், வட்டிக் கடை என்று எங்கும் செல்லும். உருவங்களைத் தவிர்த்து எழுத்தையே முழுப் பரப்பிலும் நிரப்பிய இந்த நாணயங்களில், யாருடைய பெயர் எந்தப் பக்கத்தில், எந்தப் பட்டத்தோடு வருகிறது என்பதுதான் அரசியல். அந்தக் கண்ணோடு பார்த்தால் இம்மூன்றும் தொடர்ச்சியான ஒரு வழக்கின் மூன்று ஆவணங்கள்போல இருக்கின்றன.

வெள்ளி டங்காவை நிலையான அரச நாணயமாக ஆக்கியவர் இல்துத்மிஷ். அவருக்கு முன்பு வட இந்தியச் சந்தையில் ஓடியது, ஒருபுறம் குதிரை வீரனும் மறுபுறம் காளையும் பொறிக்கப்பட்ட, வெள்ளியும் செம்பும் கலந்த சிறிய ஜிட்டல். வெற்றிபெற்று வந்த கோரி முகமது, கன்னோசிப் பகுதியின் பழைய வழக்கப்படி இலட்சுமியின் உருவத்தோடும் நாகரி எழுத்தில் தன் பெயரோடும் பொற்காசு வெளியிட்டார். மக்கள் நம்பிப் பழகிய காசின் முகத்தை மாற்றினால் சந்தை முரண்டு பிடிக்கும் என்பது புதிய ஆட்சியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அடிமையாக விலைக்கு வாங்கப்பட்டு, படிப்படியாக உயர்ந்து, முந்தைய சுல்தானின் மகனை வீழ்த்தி அரியணை ஏறிய இல்துத்மிஷுக்கு இந்தப் பழைய முகம் போதவில்லை. 1229-இல் பாக்தாத்திலிருந்து, முஸ்லிம் உலகின் தலைவராகக் கருதப்பட்ட அப்பாசியக் கலீஃபா அல்-முஸ்தன்ஸிரின் அங்கீகாரக் கடிதமும் அரச உடையும் டெல்லிக்கு வந்தன. கலீஃபாவின் பெயரும் சுல்தானின் பெயரும் ஒரே வெள்ளியின் இரண்டு பக்கங்களில் அமர்ந்தன. பதினொரு கிராமுக்குச் சற்றுக் குறைந்த அந்த வெள்ளி வில்லை, பிறப்பால் உரிமை இல்லாத ஒருவருக்குப் பாக்தாத் கொடுத்த பத்திரம்.

இந்தப் பின்னணியோடு பால்பனின் டங்காவைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒருபுறம், கியாசுத்தீன் பால்பன், மாபெரும் சுல்தான் என்று இருக்கிறது. மறுபுறம், வட்டத்துக்குள் சதுரத்தில், இமாம் அல்-முஸ்தஸிம், நம்பிக்கையாளர்களின் தலைவர் என்று இருக்கிறது. பால்பன் அரியணை ஏறியது 1266-இல். அல்-முஸ்தஸிமை மங்கோலியத் தளபதி ஹுலாகு பாக்தாத்தில் கொன்றது 1258-இல். அதாவது இந்த நாணயம் அடிக்கப்பட்டபோது அதன் மறுபக்கத்தில் இருப்பவர் இறந்து குறைந்தது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. செய்தி டெல்லிக்கு எட்டவில்லை என்று சொல்ல முடியாது. மங்கோலியர்களிடமிருந்து தப்பி வந்த இளவரசர்களும் அறிஞர்களும் டெல்லியின் தெருக்களில் நிறைந்திருந்த காலம் அது. ஆயினும் பால்பன், அவருக்குப் பின் கைகுபாத், அவருக்கும் பின் ஜலாலுதீன் கில்ஜி என்று 1296 வரை, இறந்துபோன கலீஃபாவின் பெயரையே அக்கசாலை அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கும் கலீஃபாவின் பெயரைப் போட்டால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒருவர் பெயரும் இல்லாமல் விட்டால் அரியணைக்கு ஆதாரம் எது என்ற கேள்வி எழும். மறுப்புச் சொல்ல முடியாத ஒருவரின் பெயர் இரண்டு சங்கடங்களையும் தீர்த்துவைத்தது. கையேடு இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அரசவையில் பால்பன் சிரித்ததே இல்லை என்பதை மட்டும் இரண்டு இடங்களில் சொல்கிறது.

இந்த வெள்ளி எங்கிருந்து வந்தது என்பதும் கையேட்டில் இல்லை. கங்கைச் சமவெளியில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. வடமேற்குக் கணவாய்கள் வழியே வணிகத்தில் வந்தது ஒரு பங்கு. வங்காளத்தின் வழியே வந்தது மற்றொரு பங்கு. வங்காளத்துக்கு அது பர்மா, யூனான் மலைப்பகுதிகளிலிருந்து வந்ததாக நாணயவியலாளர்கள் கருதுகிறார்கள். எனவே வங்காளத்தின் தலைநகரான லக்னௌதியில் இருக்கும் ஆளுநர் யாருடைய பெயரில் காசு அடிக்கிறார் என்பது டெல்லிக்கு வெறும் மானப் பிரச்சினை அல்ல, கருவூலப் பிரச்சினையும்கூட. துக்ரில் என்ற ஆளுநர் அங்கே சுல்தான் பட்டம் சூடி, தன் பெயரில் குத்பாவும் நாணயமும் வெளியிட்டபோது, அனுப்பிய படைகள் தோற்றுத் திரும்ப, முதுமையிலும் பால்பன் தாமே படையோடு சென்றார். துக்ரில் கொல்லப்பட்டார், அவரோடு நின்றவர்கள் லக்னௌதிக் கடைத்தெருவின் இருபுறமும் தூக்கிலிடப்பட்டார்கள். இதைக் காட்டி எச்சரித்துவிட்டுத் தன் மகன் புக்ரா கானை அங்கே ஆளுநராக அமர்த்தினார். 1287-இல் தந்தை இறந்ததும் அந்த மகனே வங்காளத்தில் தனி அரசராகிவிட்டார் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கதை நிறைவடையும்.

அடுத்தது அலாவுதீனின் டங்கா. இதுதான் தொகுப்பின் சிறந்த நாணயம். இதில்தான் கடையின் பெரிய பிழையும் இருந்தது. உடன் வந்த சான்று அட்டையில் முகமது பின் துக்ளக், 1325–1351 என்று அச்சிட்டிருந்தார்கள். பெட்டியின் மேலும் விளம்பரத்திலும் அலாவுதீன் என்றுதான் இருந்தது. பிழை எப்படி வந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. அலாவுதீனின் இயற்பெயர் அலி குர்ஷாஸ்ப். அரியணைப் பெயர் அலாவுதீன் முகமது ஷா. நாணயத்தில் கொட்டை எழுத்தில் தெரிவது முகமது ஷா என்பதே. அட்டை எழுதியவர் அந்த ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டு, தனக்குத் தெரிந்த முகமதுவின் ஆண்டுகளைப் போட்டுவிட்டார். மறுபுறத்தைப் புரட்டியிருந்தால் தவறியிருக்க மாட்டார். அங்கே இருப்பவை, சிக்கந்தர் அல்-ஸானி, அதாவது இரண்டாம் அலெக்சாந்தர், கிலாஃபத்தின் (கலீஃபா பதவியின்) வலக்கை, நம்பிக்கையாளர் தலைவரின் துணைவன் என்ற சொற்கள்.

நாற்பதாண்டுகளாக அந்தப் பக்கத்தில் இருந்த இறந்தவரின் பெயர் இப்போது இல்லை. கிலாஃபத் என்ற சொல் இருக்கிறது; கலீஃபா இல்லை. அலாவுதீன் தன் மாமனாரும் சிற்றப்பனுமான ஜலாலுதீனைக் கங்கைக் கரையில் கொல்லச் செய்து 1296-இல் டெல்லியை நோக்கி வந்தவர். வழியில் ஒவ்வொரு தங்குமிடத்திலும், தேவகிரியில் கொள்ளையடித்த பொன்னைச் சிறிய கவண்பொறியில் வைத்துக் கூட்டத்தின்மேல் எறியச் செய்தார் என்று பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரணி எழுதுகிறார். கொலையை மறக்கச் செய்யும் விலை அது. இவ்வாறு வந்தவருக்குப் பாக்தாத்தின் பழைய பத்திரம் தேவைப்படவில்லை போலும். அலெக்சாந்தரைப் போல உலகை வெல்லப் புறப்படும் எண்ணத்தையும் புதிய மதம் ஒன்றைத் தொடங்கும் எண்ணத்தையும் அவர் வெளியிட்டபோது, டெல்லியின் கொத்தவால் (நகரக் காவல் தலைவர்) அலாவுல் முல்க் எடுத்துச் சொல்லித் தடுத்ததாகவும் பரணி குறிப்பிடுகிறார். மதம் கைவிடப்பட்டது, உலகப் படையெடுப்பும் கைவிடப்பட்டது. பட்டம் மட்டும் வெள்ளியில் தங்கிவிட்டது.

இந்த டங்காவின் எடையும் மாற்றும் ஏன் இவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை படைச் சம்பளத்தில் இருக்கிறது. மங்கோலியர்கள் டெல்லியின் வாசல்வரை வந்துபோன காலத்தில், நிலத்தை மானியமாகக் கொடுக்காமல் பணமாகவே சம்பளம் கொடுக்கும் நிலையான பெரும்படை ஒன்றை அலாவுதீன் உருவாக்கினார். பரணி தரும் கணக்கின்படி ஒரு குதிரை வீரனுக்கு ஆண்டுக்கு 234 டங்கா. இரண்டாவது குதிரை வைத்திருந்தால் மேலும் 78. என் கையில் இருக்கும் நாணயத்தின் எடையால் பெருக்கிப் பார்த்தால் ஒரு வீரனுக்கு ஆண்டுக்கு இரண்டரைக் கிலோ வெள்ளி. இந்தச் செலவைத் தாங்க அரசனுக்கு இரண்டு வழிகள் இருந்தன. வெள்ளியில் செம்பைக் கலப்பது உலகெங்கும் அரசர்கள் எடுத்த எளிய வழி. அலாவுதீன் மற்ற வழியை எடுத்தார்: காசை மாற்றாமல் விலையை மாற்றினார். கோதுமை மணங்கு ஒன்றுக்கு ஏழரை ஜிட்டல், அரிசி 5, கடலை 5, பார்லி 4 என்று நிர்ணயித்து, சந்தைக்கு மேலாளரையும் ஒற்றர்களையும் அமர்த்தி, எடையைக் குறைத்து விற்றவரின் உடலிலிருந்து குறைந்த அளவுக்குத் தசையை அறுக்க ஆணையிட்டார். அக்காலத்தில் டங்கா ஒன்றுக்கு 48 ஜிட்டல். ஆகவே இந்த ஒரு வெள்ளிக் காசுக்கு ஆறு மணங்குக்கும் மேல் கோதுமை கிடைத்திருக்கும். அந்த மணங்கு பிற்கால ஆங்கிலேயர் மணங்கைவிட மிகவும் சிறியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உழவரும் வணிகரும் குறைந்த விலைக்கு விற்றதால்தான் அக்கசாலை மாற்றைக் குறைக்காமல் இருந்தது. நாணயத்தின் தூய்மைக்கான விலையை நாணயத்தை அடித்தவர் கொடுக்கவில்லை.

அந்த அக்கசாலையில் பணிபுரிந்த ஒருவர் எழுதிய நூலே நமக்குக் கிடைத்திருக்கிறது என்பது இந்திய நாணய வரலாற்றின் பெரும் பேறு. தக்குர பேரு என்ற சமண அறிஞர், டெல்லி அக்கசாலை அனுபவத்தைக் கொண்டு 1318-இல் திரவிய பரீட்சை என்ற நூலை இயற்றினார். வெள்ளியைப் புடம்போடும் முறை முதல், பல்வேறு அரசுகளின் காசுகள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு செம்பு என்பது வரை அதில் இருக்கிறது. சுல்தானின் பெயரை அரபு எழுத்தில் தாங்கிய காசுக்கு மாற்று உரைத்துச் சான்று சொன்னவர் ஒரு சமணர். நம் சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடு சேர்ந்து வரும் வண்ணக்கன் என்ற சொல்லுக்கு நாணயம் பார்ப்பவர் என்றே பொருள் கொள்வார்கள். பேருவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

பிழையான அட்டையைப் பற்றிக் கடைக்குப் படத்துடன் எழுதினேன். மூன்றாம் நாள் மரியாதையாகவே பதில் வந்தது: வருந்துகிறோம், வேறு அட்டை அனுப்புகிறோம், எப்படியும் வெள்ளி அதே வெள்ளிதான் என்று. நாணயத்தை வெள்ளியாக மட்டும் பார்த்தால் அந்தப் பதிலில் தவறில்லை. அப்படிப் பார்ப்பவர் அன்றைய சந்தை விலைக்கு வெள்ளிக் கட்டியையே வாங்கிக்கொள்ளலாமே. அதைவிடப் பல மடங்கு கொடுத்து இதை வாங்குவது அந்த எழுத்துகளுக்காகத்தான்.

அலாவுதீனுக்கும் துக்ளக்குக்கும் இடையில் தொகுப்பில் ஓர் இடைவெளி இருக்கிறது. அலாவுதீனின் மகன் குத்புதீன் முபாரக், 1316 முதல் 1320 வரை ஆண்ட நான்கே ஆண்டுகளில், தன்னையே கலீஃபா என்று நாணயத்தில் அறிவித்துக்கொண்டார். டெல்லி அக்கசாலைக்குத் தாருல் கிலாஃபா, அதாவது கலீஃபாவின் இருப்பிடம், என்று பெயரும் சூட்டினார். சதுர வடிவத்திலும் வெள்ளிக் காசுகள் அடித்தார். இறந்த கலீஃபா, பெயரில்லாத கிலாஃபத், தானே கலீஃபா என்ற மூன்று படிகளில் மூன்றாவது அது. அந்தச் சதுரக் காசு விலை கூடுதல் என்பதால் விட்டிருக்கக் கூடும்; குறைந்தபட்சம் கையேட்டில் ஒரு படமாவது போட்டிருக்கலாம்.

மூன்றாவது நாணயத்துக்கு வருகிறேன். ஒன்பது கிராம் எடையுள்ள பித்தளை வில்லை. தேய்மானம் அதிகம், ஆனால் எழுத்துகளைப் படிக்க முடிகிறது. நடுவில் அரபு மொழியில், சுல்தானுக்குக் கீழ்ப்படிபவன் இறைவனுக்குக் கீழ்ப்படிபவன் என்று இருக்கிறது. மறுபுறத்தில் பாரசீகத்தில், நம்பிக்கையோடு இருக்கும் அடியான் முகமது துக்ளக்கின் காலத்தில் செல்லுபடியாகும் டங்காவாக இது முத்திரையிடப்பட்டது என்று இருக்கிறது. ஓரத்தில் தலைநகரம் தௌலதாபாத் என்ற பெயரும், எழுநூற்று முப்பது என்ற ஹிஜ்ரி ஆண்டும் பாரசீகச் சொற்களாலேயே எழுதப்பட்டிருக்கின்றன. அது கிறித்துவ ஆண்டில் 1329-க்கும் 1330-க்கும் இடைப்பட்டது. வெள்ளி டங்காவில் இத்தகைய வேண்டுகோளோ மிரட்டலோ கிடையாது. வெள்ளிக்கு அது தேவையில்லை. தன்னிடம் இல்லாத மதிப்பை ஏற்கச் சொல்லும் காசுதான் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசுகிறது. வெள்ளித் தொகுப்பில் இந்தப் பித்தளை இருப்பது சரியே என்று நான் மனம் மாறியது இதைப் படித்த பிறகுதான். மற்ற இரண்டு காசுகளும் சொல்லாமல் சொன்னதை இது வாய்விட்டுச் சொல்கிறது.

துக்ளக் ஆட்சி என்பது தமிழில் பைத்தியக்காரத்தனமான நிர்வாகத்துக்கு மறுபெயராகிவிட்டது. கையேடும் அதே தொனியில், தோலில் காசு அடித்த அரசன் என்றுகூட எழுதுகிறது. தோல் காசு வெறும் கட்டுக்கதை. செம்பும் பித்தளையும்தான் உண்மை. செம்புக்கும் பித்தளைக்கும் வெள்ளி டங்காவின் மதிப்பைக் கொடுக்கும் அந்தத் திட்டமும் காரணமற்றதல்ல. தெற்கிலிருந்து வந்த கொள்ளையால் கருவூலத்தில் பொன் குவிந்திருந்தது, வெள்ளி போதவில்லை. ஆட்சியின் தொடக்கத்திலேயே பொற்காசின் எடையைக் கூட்டி, வெள்ளிக் காசை ஒன்பது கிராம் எடையுள்ள அத்லி என்ற காசாகக் குறைத்துப் பார்த்தவர் இந்தச் சுல்தான். அந்த முயற்சி நிலைக்கவில்லை. சீனத்தில் குப்லாய் கான் காகிதப் பணத்தை வெற்றிகரமாக ஓடவிட்ட செய்தி ஆசியா முழுவதும் தெரிந்திருந்தது. 1294-இல் ஈரானில் அதைப் பின்பற்றிய மங்கோலிய அரசர் கைகாத்து ஒருசில மாதங்களில் கைவிட்ட செய்தியும் தெரிந்திருக்கும். துக்ளக் முதல் செய்தியை நம்பினார்.

தோல்விக்குக் காரணம் என் கையில் உள்ள வில்லையிலேயே தெரிகிறது. இதைச் செய்ய எந்தத் தனித்திறனும் வேண்டாம். நல்ல பித்தளைப் பட்டறையில் பாத்திரம் அடிப்பவர் ஒருவர் இதைவிட அழகாக அடிப்பார். கள்ளக் காசைக் கண்டுபிடிக்க இரகசியக் குறி எதுவும் இதில் இல்லை. ஒவ்வோர் இந்துவின் வீடும் அக்கசாலையாயிற்று என்று பரணி எழுதுவதில் அவருடைய வெறுப்பும் கலந்திருக்கிறது. சம்மட்டியும் பித்தளையும் எந்த மதத்தவர் வீட்டிலும் இருந்திருக்கும். மக்கள் வரியைப் பித்தளையில் கட்டினார்கள், வெள்ளியைப் புதைத்துவைத்தார்கள். 1332 அளவில் திட்டம் கைவிடப்பட்டபோது, கொண்டுவந்தவர்களுக்கெல்லாம் அரசு கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் கொடுத்தது. அடித்தவன் அரசனா கள்ளனா என்று பிரித்தறிய வழியில்லாததால் கள்ளனுக்கும் முழு மதிப்பு கிடைத்தது. துக்ளகாபாத்தில் அந்தக் காசுகள் மலைபோல் குவிந்து கிடந்தன என்று பரணி சொல்கிறார். இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் இது எளிதாகக் கிடைப்பதற்கு அந்தக் குவியல்களுக்கே நன்றி சொல்ல வேண்டும். எனக்கு வந்தது அரச அக்கசாலையில் அடித்ததா, யாரோ ஒருவரின் கொல்லைப்புறத்தில் அடித்ததா என்பதைச் சான்று அட்டை எவ்விதத் தயக்கமும் இல்லாமல் அசல் என்று முடித்துவிடுகிறது.

அதன் பிறகு கலகங்கள் பெருகின. மதுரையில் துக்ளக்கின் ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அஹ்சன் ஷா 1330-களின் நடுவில் தனியரசை அறிவித்துத் தன் பெயரில் காசு அடித்தார், வங்காளமும் கைநழுவியது. அரசு சிதறச் சிதற, துக்ளக் நாணயத்திலிருந்து தன் பெயரையே எடுத்துவிட்டு, கெய்ரோவில் இருந்த அப்பாசியக் கலீஃபா அல்-முஸ்தக்ஃபியின் பெயரைப் போடத் தொடங்கினார். அவரும் 1340-இல் இறந்துவிட்டார். அவர் பெயரில் காசு அடிப்பது அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நீடித்தது. பால்பனின் டங்காவுக்கு இதைவிடப் பொருத்தமான இணை இருக்க முடியாது. இந்த நான்காவது காசைத் தனியாகத் தேடி வாங்க எண்ணியிருக்கிறேன்.

பெட்டியையும் கையேட்டையும் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கிறது. அதில் உள்ள சுல்தான்களின் வண்ணப்படங்கள் எல்லாம் பிற்காலக் கற்பனை. சுல்தான்களின் காசில் உருவமே இருந்ததில்லை என்ற வாக்கியம், இலட்சுமி பொறித்த கோரியின் பொற்காசை அறிந்த எவருக்கும் உறுத்தும். பெட்டி பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாணயங்களைப் பி.வி.சி. உறையில் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஈரக் காற்றில் அந்த உறை சில ஆண்டுகளில் பசைபோல் கசிந்து உலோகத்தில் பச்சை படியவைக்கும். வந்த அன்றே மூன்றையும் எடுத்து, மைலார் சாளரம் உள்ள அட்டை உறைகளுக்கு மாற்றிவிட்டேன். வாங்குபவர்களும் அப்படியே செய்வது நல்லது. வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் இதை ஊருக்கு வரும்போது வாங்கி எடுத்துச்செல்லலாம் என்று நினைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயங்கள் தொல்பொருள்களாகும். தனியார் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. கட்டணச் சீட்டையும் அட்டைகளையும் நாணயத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, மூன்று நாணயங்களையும் தனித்தனியே தேடி வாங்கினால் ஏறத்தாழ 9,000 ரூபாயில் முடிந்துவிடும். மீதித் தொகை மரப்பெட்டிக்கும் கையேட்டுக்கும் போகிறது. அரபு எழுத்தைச் சற்றேனும் கூட்டிப் படிக்கக் கூடியவர்கள் தனித்தனியாக வாங்குவதே மேல். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, அசல் நாணயம், நியாயமான எடை, நல்ல தேர்வு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால் இதைப் பரிந்துரைப்பேன். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். திருத்திய அட்டை ஆறு வாரம் கழித்து வந்து சேர்ந்தது. அதில் அலாவுதீன் கில்ஜி என்ற பெயர் சரியாக இருக்கிறது, ஆண்டுகள் மட்டும் இன்னமும் 1325–1351 என்றே இருக்கின்றன.